சுவருக்குள் நின்ற லாரி

பழைய வண்டி எங்கே கிடக்கிறது என்பது அவனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். கோழிக் கூண்டுக்குப் பின்னால், விறகுக் குவியலுக்கு அடியில், தார்ப்பாய்க்குள் லேசாக ஒரு வளைவு தெரிந்தால் போதும், பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவன் இறங்கிவிடுவான். பேப்பரில் மரண அறிவிப்பு வந்தால் செத்தவர் வயதைப் பார்ப்பான். அந்த வயதுக்காரர் வீட்டில் எந்த மாடல் கார் நிற்கும் என்று கணக்குப் போடுவான். அதனால் அவனுக்கு மோப்பம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் வைத்த பெயரை அவன் அக்காவே எப்போதாவதுதான் சொல்வாள், அதுவும் கோபம் வந்தால்.

வாங்கும்போது ஒரு நடிப்பு வைத்திருந்தான். டயரைச் செருப்பால் ஒரு தட்டு, பானட்டைத் திறந்து ஒரு பெருமூச்சு, பிறகு விற்கிறவர் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவது. அதற்குள் அவனுடைய மச்சான் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். மச்சான் என்றால் அக்கா புருஷன். நல்ல மெக்கானிக், பேச்சு மட்டும் அளந்துதான் வரும். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு "ஓடும்" என்பார், இல்லாவிட்டால் "ஓடாது" என்பார். இந்த இரண்டு சொல்லில்தான் அந்தக் குடும்பம் பிழைத்துக்கொண்டிருந்தது.

விற்பனை விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அந்தப் படம் அவன் கண்ணில் பட்டது. மூக்கு உருண்ட பழைய லாரி. மரத்தால் அடைத்த பாடி. அந்த மாடலை அவன் அதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறான். படமே பழையது, ஓரமெல்லாம் மஞ்சள் பாய்ந்திருந்தது. லாரியின் மட்கார்டு மேல் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண், அவளைப் பிடித்தபடி முறுக்கிய மீசையோடு ஒரு மனிதர். கீழே ஒரே வரி: இருக்கும் இடத்திலிருந்து வாங்குபவரே எடுத்துக்கொள்ள வேண்டும். மோப்பத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மச்சான் சாப்பிட்ட கையைக் கழுவக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஊர்க் கோடியில், மூடிப்போன மர அறுவை மில்லை ஒட்டி அந்த வீடு இருந்தது. விளம்பரம் கொடுத்திருந்தவள் ஒரு நர்ஸ். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. படத்தில் மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்த பெண் அவள்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் அவர்களைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். அங்கே கான்கிரீட் கூரை போட்ட ஒரு ஷெட் நின்றது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் சுவர்.

"வண்டி எங்க சிஸ்டர்?" என்று மோப்பம் கேட்டான்.

"இதுக்குள்ளதாண்ணே."

அவள் சொன்ன கதை இதுதான். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அம்மாவும் அவளும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஷெட்டின் வாசல் சுவராகிவிட்டிருந்தது. அப்பாவைக் காணோம். லாரியைப் பெண்டாட்டி விற்றுவிடக் கூடாது என்று சுவரை எழுப்பிவிட்டு, எவளோ ஒருத்தியோடு போய்விட்டார் என்று தெருவே பேசியது. போலீஸ் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தது, கூப்பிட்டுப் பார்த்தது, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போனவனைத் தேடுவதுதான் எங்களுக்கு வேலையா என்கிற முகத்தோடு போய்விட்டது. அம்மாவும் தெரு சொன்னதையே நம்பினாள். மூடியவரே வந்து திறக்கட்டும் என்று சொன்னவள், அதற்குப் பிறகு கொல்லைப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

மோப்பத்தின் காதில் இதில் பாதிதான் ஏறியது. வெயில் படாமல், மழை படாமல், ஒரு கை படாமல் அந்த மாடல் லாரி. வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு, பார்க்காத பண்டத்துக்கு எப்படி விலை சொல்வது என்று இழுக்க ஆரம்பித்தான். நர்ஸ் பேரமே பேசவில்லை. சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள். சுவரை உடைக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும், அம்மா இருக்கக் கூடாது.

திரும்பி வரும் வழியில் மோப்பம் லாரிக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான்.  கடைசியில் மச்சான் சொன்னார்.

"அந்தப் பொண்ணு லாரி விக்கல மாப்ள. அவங்கப்பா உள்ள கெடக்குறாரான்னு பாக்க ஆள் தேடியிருக்கு."

அவன் பெயின்ட் பேச்சு அங்கேயே நின்றது.

அடுத்த வாரம் ஒரு காலையில் போனார்கள். அம்மாவை எங்கேயோ உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நர்ஸ் மட்டும் காத்திருந்தாள், கையில் ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மச்சான் உளியை வைத்துத் தட்டினார். மேல் வரிசைச் செங்கல் இரண்டு பெயர்ந்ததும் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த மோப்பத்துக்கு என்னவோ இடித்தது. வெளிப்பக்கம் சிமென்ட் கலவை பிதுங்கி, வழிந்து, அப்படியே காய்ந்திருந்தது. உள்பக்கம் அழகாக வழித்துப் பூசியிருந்தது. ஓட்டை வழியாக டார்ச் அடித்து எட்டிப் பார்த்தான். சுவர் ஓரமாக, உள்ளே, கொத்தனார் கரணை கிடந்தது. பக்கத்தில் கலவைச் சட்டி, மிச்சக் கலவை கல்லாகி அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

சுவரைக் கட்டியவர் உள்ளே நின்று கட்டியிருக்கிறார்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. மச்சான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைப் பார்த்தார். உடைங்கண்ணே என்று அவள் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள்.

ஆள் நுழையும் அளவுக்குத் திறந்ததும் முதலில் போனது அவள்தான். கேபினைப் பார்த்தாள், பின்பக்கப் பாடியில் ஏறிப் பார்த்தாள், தரையில் படுத்து அடியில் பார்த்தாள். யாரும் இல்லை. ஒரு எலும்பு இல்லை, ஒரு துணிக் கிழிசல் இல்லை. அந்த ஷெட்டுக்கு வேறு வழியும் கிடையாது. கூரையை ஒட்டி இருந்த காற்றுத் துளைகளில் பூனை நுழைந்தாலும் மாட்டிக்கொள்ளும். டிரைவர் பக்கத்துப் படிக்கு அருகே ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது. கிடந்தது என்று சொல்ல முடியாது, விட்டிருந்தது. வண்டியைப் பார்த்தபடி, ஒன்றை ஒன்று ஒட்டி, ஏறப் போகிறவர் கழற்றி விட்ட மாதிரி.

"அப்பா எப்பவும் வெறுங்காலோடதான் ஓட்டுவாரு" என்றாள் நர்ஸ். செருப்பின் தூசியைத் தட்டி, அந்த வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பானட்டின் மேல் தூசி போர்வை போலப் படிந்திருந்தது. ஸ்டீயரிங்கில் மட்டும் ஒரு துகள் இல்லை. மோப்பம் அதைப் பார்த்தான், பார்த்ததை மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை விட்டுவிட்டு வா என்பார் என்று தெரியும். இப்படி ஒரு வண்டி ஆயுளில் ஒருமுறைதான் கையில் விழும்.

சுவர் முழுவதையும் இடித்து, டயருக்குக் காற்று அடித்து, வேறொரு வண்டியில் சங்கிலி கட்டி இழுத்துப் போனார்கள். மச்சான் முன்வண்டியை ஓட்டினார், மோப்பம் லாரிக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாலத்துக்கு ஏறும் மேட்டில் மச்சான் கண்ணாடியில் பார்த்தார். இழுபட்டு விறைத்திருக்க வேண்டிய சங்கிலி தொய்ந்து ரோட்டில் உரசிக்கொண்டு வந்தது. பின்னால் இருந்த வண்டி, இஞ்சின் செத்த வண்டி, மேட்டில் தானாக ஏறி அவரை நெருங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தவும் பயம், ஓட்டவும் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கினார். யார்டுக்கு வந்து சேர்ந்ததும் மோப்பத்திடம், நீ எதையாவது அழுத்தினாயா என்று மட்டும் கேட்டார். அவன் இல்லை என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

யார்டு என்பது அக்கா வீட்டுப் பின்புறம்தான். நாலைந்து பழைய கார்கள், ஒரு தகரக் கொட்டகை, அதற்கு இந்தப் பக்கம் அக்காவின் துணிக்கொடி, அதை அடுத்து சமையலறை ஜன்னல். லாரியைக் கோடியில் மதில் ஓரமாக நிறுத்தினார்கள். மச்சான் டீசலை மாற்றி, பேட்டரி வைத்து, மற்ற வேலைகளை ஆரம்பிக்கும் முன் சும்மா ஒரு தடவை சாவியைத் திருகினார். ஒரே திருகில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகைகூட வரவில்லை. மச்சான் அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடும்னு சொல்றதா, இத்தனை நாளும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சுன்னு சொல்றதா, தெரியல" என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு வண்டியைப் பற்றிச் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

மறுநாள் காலையில் அக்காவின் சத்தம் கேட்டு மோப்பம் மாடியிலிருந்து இறங்கி வந்தான். உன் லாரிக்கு என் துணிக்கொடிதான் கிடைத்ததா என்று திட்டிக்கொண்டிருந்தாள். லாரி யார்டின் பாதி தூரத்துக்கு வந்திருந்தது. அவள் முந்தின நாள் மழை விட்டதும் காயப்போட்ட போர்வை ரேடியேட்டரில் அப்பிக்கொண்டிருந்தது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, தரை சரிவு, உருண்டிருக்கிறது என்று மோப்பம் சமாதானம் சொன்னான். மச்சான் உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில் வைத்தார். சரிவு இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாக. போதாக்குறைக்கு முந்தின நாள் பெய்த மழையில் மண் சொதசொதவென்று கிடந்தது. அதில் கோழிக் கால் தடம் இருந்தது, டயர் தடம் இல்லை.

லாரியை மதிலுக்கே தள்ளிக்கொண்டுபோய், நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார்கள். மறுநாள் லாரி முன்னால் வந்திருந்தது, கற்களும் வைத்தது வைத்தபடி சக்கரத்தோடு வந்திருந்தன. சங்கிலி போட்டு மரத்தோடு கட்டினார்கள். சங்கிலி விண்ணென்று நின்றது, மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே இரண்டு ஹெட்லைட். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைகளை முன்னறையில் படுக்க வைத்தாள். 

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஓட்டல்காரர் வந்தார். லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார், வாயைப் பிளந்தார், மோப்பம் மனதில் நினைத்திருந்ததை விடப் பெரிய விலையைத் தானாகவே சொன்னார். ஓட்டல் தோட்டத்தில் நிறுத்தப் போகிறாராம். சாப்பிட வருகிற குடும்பங்களின் பிள்ளைகள் ஏறி விளையாடுமாம். ஒரு பார்ட்டி முன்னாலேயே கேட்டிருக்கிறது, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மோப்பம் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னான். வந்த லட்சுமியை விரட்டுகிறோமே என்று இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் ஏறி விளையாடும் என்றதும் அவனால் சரி என்று சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் போன் செய்தாள். சுவர் எப்படிக் கட்டியிருந்தது என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அம்மா தூங்கவில்லை, ஒருமுறை வண்டியைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வரச் சொல்லுங்கள் என்றான்.

அம்மாவும் மகளும் ஒரு டாக்சியில் பின்சீட்டில் சேர்ந்து உட்கார்ந்து வந்து இறங்கினார்கள். அம்மா ஒல்லி, நிமிர்ந்த நடை. லாரியைத் தொடாமல் ஒரு சுற்று வந்தாள். அக்கா நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். கொடுத்துவிட்டு மனசு தாங்காமல் கல் வைத்ததையும் சங்கிலி போட்டதையும் கொட்டிவிட்டாள். அம்மாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"அவரும் கல்லுதாம்மா வச்சாரு. அப்புறம் சங்கிலி போட்டாரு" என்றாள். "தெனமும் வீட்டுக் கிட்ட வருது, கிட்ட வருதுன்னு சொல்லுவாரு. குடிச்சிட்டு உளர்றீங்கன்னு திட்டினேன். அவரு குடிக்கவே மாட்டாரு. எனக்கு வேற காரணம் தெரியல."

கொஞ்சம் கொஞ்சமாக மீதியையும் சொன்னாள். ஒரு ஏலத்தில் அந்த லாரியை மலிவாக எடுத்திருக்கிறார். முதல் சொந்தக்காரர் யார் என்று அவருக்கே தெரியாது. தான் உள்ளே உட்கார்ந்திருந்தால் அது நின்ற இடத்தில் நிற்கிறது என்று அவர் கண்டுபிடித்த பிறகு, படுக்கையைத் தூக்கிக்கொண்டு கேபினுக்கே போய்விட்டார். வேறு யாருக்காவது விற்கலாமே என்று அவள் கேட்டதற்கு, யார் தலையில் கட்டச் சொல்கிறாய் என்று கேட்டாராம். புருஷன் வீட்டில் படுக்காமல் லாரியில் படுத்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தேகம் வராது. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அப்ப உங்க ரெண்டு பேருக்காகத்தான் அவரு அந்தச் சுவரைக் கட்டியிருக்காரு" என்றார் மச்சான்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.  பிறகு எழுந்து, ஒரு தடவை இதில் என்னை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுகிறாயா தம்பி என்று மோப்பத்திடம் கேட்டாள். மச்சான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல அவனால் ஆகவில்லை.

ஆள் நடமாட்டம் இல்லாத பைபாஸ் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனான். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். காற்று அவள் முகத்தில் அடித்தது. அப்போது மோப்பத்தின் ஒரு கை ஸ்டீயரிங்கை விட்டது. அவளைத் தாண்டி நீண்டு, ஜன்னல் கண்ணாடியின் பிடியைச் சுற்றி, கண்ணாடியை மேலே ஏற்றி, முழுவதும் மூடாமல் சிறிது இடைவெளி விட்டு நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தது. அப்படிச் செய்ய வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. தன் கையைத் தானே வேடிக்கை பார்த்தான்.

அம்மா திடுக்கிடவில்லை.

"எனக்குக் காது வலிக்கும்னு எப்பவும் இப்படித்தான் ஏத்திவிடுவீங்க" என்றாள். தம்பி என்று கூப்பிட்டவள், அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

அவன் பிரேக்கை அழுத்தினான். பிரேக்கில் வைத்த காலைக் குனிந்து பார்த்தான். வெறுங்கால். எப்போது கழற்றினான் என்று நினைவே இல்லை. திரும்பி வந்து யார்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தபோது, ஏறிய இடத்தில் அவன் செருப்பு இரண்டும் ஒட்டி நின்றன. யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி, அவ்வளவு ஒழுங்காக. அவன் செருப்பை ஒழுங்காக விட்டதே கிடையாது. அதற்காக அக்காவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன்.

இன்னும் கொஞ்ச நாள் போனால் தானும் படுக்கையைத் தூக்கிக்கொண்டு இதற்குள்தான் போவோம் என்று அப்போது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைவிடப் பயம் என்னவென்றால், போக வேண்டும் என்று கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

"ஒடச்சிடுப்பா. பணத்த நான் திருப்பித் தர்றேன்" என்றாள் அம்மா.

பணத்தைப் பற்றிப் பேசாதீங்கம்மா என்றான் மோப்பம். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை மச்சான் நம்ப முடியாமல் பார்த்தார். ஒருகணம் ஓட்டல்காரரின் விலை அவன் தலைக்குள் வந்து போனது. சமையலறை ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. கேஸ் கட்டரை எடுத்து வரச் சொன்னான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை வெட்டினார்கள். மரச் சட்டங்களைப் பெயர்த்தார்கள், மட்கார்டை வெட்டினார்கள், ஆக்ஸிலைத் துண்டாக்கினார்கள். அவ்வளவு நல்ல இரும்பு. ஒவ்வொரு துண்டு விழும்போதும் மோப்பத்துக்குத் தன் விரலையே வெட்டிப் போடுகிற மாதிரி இருந்தது. மகளோடு மறுபடி வந்திருந்த அம்மா நிழலில்கூட உட்காரவில்லை. வெயிலில் நின்றுகொண்டு பார்த்தாள். நர்ஸ் குடை பிடித்தாள்.

கடைசியில் கேபின்தான் மிச்சம். அடிச்சட்டத்திலிருந்து அறுத்து எடுத்து, செயின் பிளாக் மாட்டித் தூக்கினார்கள். அது தரையை விட்டு மேலே எழும்பிய நேரம், கதவை வெட்டி எடுத்த பக்கத்தின் வழியாக உள்ளே டிரைவர் சீட் தெரிந்தது. அதன் ரெக்ஸின் பள்ளமாக அழுந்தியிருந்தது. மோப்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெல்ல மெல்ல மேலே வந்தது, கனமான ஆள் ஒருவர் முழங்காலில் கையூன்றி எழுந்திருப்பது போல. ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சென்றது. சீட் சமமாகிவிட்டது. மச்சானும் பார்த்தார். கட்டரை அணைத்துக் கீழே வைத்தார்.

அம்மா அருகில் வந்து நின்றாள்.

"போதும், வாங்க. சாப்பாடு ஆறிடும்" என்றாள். சாதாரணமாக, தெருவில் நின்று பேசிக்கொண்டிருக்கும் புருஷனைக் கூப்பிடுகிற குரலில்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. திரும்பி நடந்தாள். யார்டுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த சந்து ஒரு ஆள் போகத் தாராளமானது. ஆனால் அவள் சுவரோடு ஒட்டி, ஒரு பக்கமாக ஒதுங்கி நடந்தாள். நர்ஸ் அதைக் கவனித்திருக்க வேண்டும், அவளும் பின்னால் தள்ளியே நடந்தாள்.

தெருவில் டாக்சி நின்றது. நர்ஸ் போய் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா பின்கதவைத் திறந்தாள். உடனே ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி கொஞ்சம் தள்ளி, பொறுமையாக நின்றாள். வண்டி ஒரு பக்கமாக லேசாக அமிழ்ந்து நிமிர்ந்தது. பிறகு அவள் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி, இடம் போதாத மாதிரி கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

டாக்சி கிளம்பியது. அவர்களைக் கடந்து போகும்போது அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி மெதுவாக மேலே ஏறுவதை மோப்பமும் மச்சானும் பார்த்தார்கள். அம்மாவின் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.